மொட்டைமாடியில் ஒரு மரண அறிவித்தல்

எறிக்கின் மனைவி இறந்துபோன செய்தி, அவன் வேலை செய்யும் குளிர்க் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டின் மேலே இருந்தபோது வந்தது. கொண்டுவந்தவன் ஒன்றுவிட்ட தம்பி ஜெனிஸ்ரன். அவனும் அதை நேராகச் சொல்லவில்லை, போனில் கேள்வியாகக் கேட்டான்.

"அண்ணை, எப்ப எடுக்கிறியள்? நான் வேலையில லீவு சொல்லவேணும்."

"எதையடா எடுக்கிறது?"

மறுமுனையில் ஜெனிஸ்ரன் அழத் தொடங்கினான். "அண்ணை, உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ? மெலனி அண்ணி... ஊர்க் குறூப்பில அறிவித்தல் வந்திட்டுது அண்ணை."

ஃபோர்க்லிஃப்டின் முள்ளில் அப்போது ஒரு மரத்தட்டு நிறைய உறைந்த கோழிப் பெட்டிகள் நின்றன. எறிக் எந்தப் பிடியை எப்படி இழுத்தானோ, தட்டு அப்படியே தலைகீழாக வந்தது. பெட்டிகள் வெடித்துக் கோழிகள் சிமெந்துத் தரையில் கற்களாக உருண்டன. மேற்பார்வையாளன் ஓடிவந்து வழியை மறித்து ஏதோ கத்தினான். எறிக் அவனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினான். அந்தப் பெரிய மனிதன் கோழிகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தான். கார்த் தரிப்பிடத்தின் தடுப்புக் கம்பம் மேலே எழும்பும்வரை எறிக் காத்திருக்கவில்லை. காரால் அதை முறித்துக்கொண்டு போனான்.

போகும் வழியெல்லாம் மெலனிக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தான். அவளுடைய போன் ஓயாமல் வேறு அழைப்பில் இருந்தது. செத்தவளின் போன் எப்படி பிஸியாக இருக்கும் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. காலையில் அவள் தூங்குகிறாள் என்று எழுப்பாமல் வந்துவிட்டோமே என்று ஸ்டியரிங்கில் குத்தினான். ஹோர்ன் அலறியது. மறுபடியும் குத்தினான்.

எறிக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் அவனுடைய கவலை எப்போதும் கையால்தான் வெளியே வரும். மெலனிக்குச் சூலகத்தில் புற்றுநோய் என்று சொன்ன அன்று, வைத்தியசாலைக் கார்த் தரிப்பிடத்தில் டிக்கெட் இயந்திரத்தின் கண்ணாடியை உடைத்தான். அவளுக்கு முடி கொட்டிய அன்று குளியலறைக் கண்ணாடி போனது. சத்திரசிகிச்சை சரிவரவில்லை என்ற அன்று தொலைக்காட்சி. "நான் சாமானுக்குத்தான் அடிப்பன், மனிசிக்கு ஒருநாளும் கை நீட்டினதில்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துண்டுகளைக் கூட்டி அள்ளியது ஒவ்வொரு முறையும் மெலனிதான்.

மெல்பேர்னின் ட்ருகனினாவில் அவர்களுடைய வீதி முழுக்கக் கார்கள். வாசலில் ஆண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செத்தவீட்டு முகத்தோடு நின்றார்கள். ஆனால் அந்த முகங்களில் என்னவோ சரியில்லை. ஒருவர் எறிக்கைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒப்பாரி கேட்கவில்லை, ஒரு பெண் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது.

ஹோலின் நடுவே ஒரு கதிரையில் மெலனி இருந்தாள். தலைத்துணி இல்லை. மொட்டைத் தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். எதிரே தரையில் ஊர்க்கார அன்னமலர் அன்ரி கால் நீட்டியபடி இருந்தார். கணவர் யோன் அங்கிள் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி முதல் ஆளாக வந்தவர் அன்ரிதான். மணியை அடித்தால், செத்தவளே கதவைத் திறந்து "வாங்கோ அன்ரி" என்றிருக்கிறாள். அன்ரி பானையை யோன் அங்கிளின் கையில் திணித்துவிட்டு அப்படியே சரிந்துவிட்டார்.

எறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உயிரோடு இருக்கிறாள். கடவுளே, உயிரோடு இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் அவனை அப்படியே தூக்கி நிறுத்தியது. அடுத்த மூச்சில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டான். இந்த வீட்டில் எத்தனையோ மாதமாக அவள் சிரித்ததே இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

பதிலாக யாரோ ஒரு போனை நீட்டினார்கள். அவன் வாசித்தான்.

"மரண அறிவித்தல். மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ன் ட்ருகனினாவை வசிப்பிடமாகவும், கீமோ வார்டின் ஜன்னலோரக் கதிரையை நிரந்தர முகவரியாகவும் கொண்ட திருமதி மெலனி எறிக் அவர்கள் இறைபதம் அடைந்தார். அன்னாரின் தலைமுடி ஏற்கெனவே நல்லடக்கம் செய்யப்பட்டுவிட்டபடியால், மிகுதி மட்டுமே பார்வைக்கு வைக்கப்படும். அன்னாரின் அன்புக் கணவருக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது. ஆகையால் பெண் தர விரும்புவோர் முப்பதாம் நாள் பூசை வரை காத்திராமல் உடன் தொடர்புகொள்ளவும். வீட்டில் உடையக்கூடிய பொருட்கள் எதுவும் மிச்சமில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

நம் சனம் மரண அறிவித்தல் வாசிக்கும் விதம் தெரியும்தானே. எந்த ஊர், ஆர், எப்ப அடக்கம். மிச்சத்தை எவரும் வாசிப்பதில்லை. றம்யா என்றொரு பெண்ணின் தாய் மகளின் போனில் முதல் இரண்டு வரியைக் கண்டு, "ஐயோ, எங்கட பேசாலைப் பிள்ளை" என்று படம் பிடித்து ஊர் ஒன்றியத்தின் குழுவில் போட்டுவிட்டார். அரை மணித்தியாலத்தில் டொரொண்டோவிலிருந்து பேசாலைவரை மெழுகுதிரியும் கூப்பிய கைகளுமாக இரங்கல் குவிந்தது. முட்டை பொரிக்கும் வரிவரை ஒருவர்கூட வந்து சேரவில்லை.

அறிவித்தல் முதலில் வந்த இடம், றம்யாவும் இருந்த 'மொட்டைமாடி'. சிட்னியிலும் மெல்பேர்னிலும் புற்றுநோயோடு மல்லுக்கட்டும் தமிழர்களுக்காக, சிட்னி கெல்லிவில்லில் இருக்கும் ஹம்சா என்ற பெண் தொடங்கிய வட்ஸ்அப் குழு. பெயரைக் கேட்டாலே அங்கே என்ன பேச்சு நடக்கும் என்று விளங்கும். இலங்கைத் தமிழர்களின் மரண அறிவித்தல் நடை அங்கிருந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அப்படிப் பிடித்துப்போனது. யாராவது ஒரு மோசமான வாரத்தைத் தாண்டிச் செத்துப் பிழைத்து வந்தால், மற்றவர்கள் ஓர் அறிவித்தல் எழுதிப் போட்டு வரவேற்பார்கள். அதை வாசித்துச் சிரிக்காத நோயாளி இல்லை.

எறிக்கிற்கு இதெல்லாம் தெரியாது. அவனுடைய வீட்டில் சாவு என்ற சொல்லே தடை. அவள் அந்தப் பக்கமாக வாயைத் திறந்தால், உடனே செபமாலையை எடுத்து முழங்காலில் நின்றுவிடுவான். உயிரோடு இருக்கிற ஆளுக்கு மரண அறிவித்தல் எழுதுகிறவன் வாயால் கொல்லுகிறவன் என்பது அவனுடைய திடமான நம்பிக்கை. அறிவித்தலின் கீழே பெயர் இருந்தது. முரளிதரன், மல்கிரேவ்.

"ஆர் இவன்?"

மெலனி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "விடுங்கோ. பகிடிக்குப் போட்டது."

"ஆர் இவன் எண்டு கேட்டனான். உன்ர போனைத் தா."

"தரமாட்டன்."

அவள் போனை நெஞ்சோடு அணைத்தாள். எறிக் அவளுடைய மேல்கையைப் பிடித்து முறுக்கி அதைப் பறித்தான். எல்லாருக்கும் முன்னால். அவள் கத்தவில்லை. அன்னமலர் அன்ரிதான் கத்தினார். யோன் அங்கிள் "டேய், நோயாளியடா!" என்று இடையில் பாய்ந்தார். எறிக் அவரை உதறிய உதறலில் கிழவர் கஞ்சிப் பானை இருந்த மேசையில் மோதி, அது கவிழ்ந்து, கொதி ஆறாத கஞ்சி அவருடைய கையிலும் காலிலும் கொட்டியது. அவர் போட்ட சத்தம் வீதிவரை கேட்டிருக்கும். எறிக் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் முரளிதரனின் மல்கிரேவ் முகவரி இருந்தது. ஒருமுறை பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா அனுப்புவதற்காக மெலனி கேட்டு வாங்கியிருந்தாள். எனக்குத் தெரியாமல் ஒடியல் மாவுமோ என்று முனகியபடி காரை எடுத்தான்.

வெஸ்ட்கேட் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. நின்ற இடமெல்லாம் அவன் அந்தக் குழுவை வாசித்தான். முரளிதரன் என்கிறவன் ஓயாத வாயாடி. யாருக்கு ஸ்கான் என்றாலும் ஒரு பகிடி, வாந்திக்கு ஒரு பகிடி, மொட்டைத் தலைக்கு எண்ணெய் விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் கீழே மெலனி சிரித்திருந்தாள். எறிக் தன் மனதில் ஓர் ஆளை வரைந்துகொண்டான். உரத்த குரல், வாட்டசாட்டமான உடம்பு, மற்றவன் பெண்சாதியைச் சிரிக்கவைத்துப் பொழுதுபோக்கும் இளவட்டம். அந்த ஆளின் பல்லை எண்ணிக் கையில் கொடுப்பது என்று முடிவெடுத்தான்.

மல்கிரேவில் அந்த வீட்டின் முன்தோட்டத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர் ரோஜாக் கன்று நடுவதற்கு ஷவலால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு பருத்தித் துணி சுற்றியிருந்தது.

"முரளிதரன் ஆர்?"

அந்த மனிதர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். எறிக்கிற்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

"மெலனியின்ர மனுசனடா நான். ஏன்டா அப்பிடி எழுதினனி? சொல்லடா!"

முரளிதரனின் முகம் மாறியது. பொறு என்பதுபோல ஒரு கையைக் காட்டிவிட்டு மறு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. தன்னைப் பழித்து வாயசைக்கிறான் என்று எறிக் நினைத்தான்.

"வாயைத் திறந்து சொல்லடா நாயே!"

முதல் குத்து கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். முரளிதரன் பின்னால் நின்ற காரில் மோதிச் சரிந்தார். எறிக் கழுத்துத் துணியோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி மறுபடியும் குத்தினான். முரளிதரன் தலையை விலக்கினார். குத்து காரின் கதவுச் சட்டத்தில் இறங்கியது. தன் விரலெலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. துணி அவிழ்ந்து கையோடு வந்தது.

கழுத்தின் அடியில் ஒரு துளை இருந்தது. அந்த மனிதர் மூச்சு விட்டதெல்லாம் அதன் வழியாகத்தான். மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் அதற்குள் இறங்கி, குமிழிகளாக வெளியே தெறித்தது. ஒரு சீழ்க்கைச் சத்தம் வந்து வந்து நின்றது. குரல்வளையை வெட்டியெடுத்த ஆளிடம்தான் அவன் வாயைத் திறந்து பேசச் சொல்லிக் குத்தியிருக்கிறான்.

எறிக்கின் பிடி தளர்ந்தது. தளர்ந்த அந்த நேரத்தில், நோயாளி என்று பிறர் பாவம் பார்க்கவேண்டிய ஆள் தான் இல்லை என்பதை முரளிதரன் காட்டினார். தரையில் கிடந்த ஷவலை எடுத்து அவனுடைய முழங்காலில் விளாசினார். எறிக் ரோஜாக் குழிக்குள் குப்புற விழுந்தான். முதுகில் இன்னொன்று விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவருக்கு மூச்சு முட்டியது. குனிந்து இருமி, துளையைத் துடைத்து, இரத்தத்தை வெளியேற்றினார். பிறகு புல்லில் சரிந்து உட்கார்ந்து ஷவலை மடிமேல் வைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு அவருடைய மனைவி பிரவீணா அலறியபடி வந்தாள். "போலீஸைக் கூப்பிடறேன்! இருங்க, கூப்பிடறேன்!" அவர் வேண்டாம் என்று கையசைத்தார். பையிலிருந்து டார்ச் போன்ற சிறிய கருவி ஒன்றை எடுத்துக் கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினார். அதிலிருந்து ஏற்ற இறக்கமே இல்லாத இயந்திரக் குரல் ஒன்று வந்தது.

"மெலனி... நல்லா... இருக்காங்களா?"

எறிக் குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். மண்ணைத் துப்பிவிட்டுத் தலையாட்டினான்.

"நல்லா அடிக்கிறீங்க சார். ஆனா என் கேன்சர் அளவுக்கு வராது."

பிரவீணா தண்ணீரும் துணியும் கொண்டுவந்து அவருடைய மூக்கைத் துடைத்தாள். எறிக்கை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவன் அதற்குத் தகுதியானவன்தான்.

"அதை நான் எழுதலை" என்றது கருவி. "அவங்களே எழுதினாங்க. தன்னோடதைத் தானே போடக்கூடாதுங்கறது குரூப் வழக்கம். அதனால என்னைப் போடச் சொன்னாங்க."

"மெலனியோ எழுதினவ?"

"எல்லாருக்கும் எழுதறது அவங்கதான். எனக்கு எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சிரிச்சேன். குரூப்ல நான் வெறும் சத்தம், சரக்கு அவங்களோடது." அவர் மூச்சு வாங்கினார். "வழக்கமா செத்துப் பிழைச்சு வந்தவங்களுக்குத்தான் போடுவோம். இவங்க முன்னாடியே போடணும்னாங்க. நான் ஒரு வாரம் மாட்டேன்னேன். பிறகு போட்டா நான் எப்படி வாசிச்சுச் சிரிக்கிறதுன்னு கேட்டாங்க."

"எதுக்குப் பிறகு?"

முரளிதரன் கருவியைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். எறிக் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினான். "எதுக்குப் பிறகு? சொல்லுங்கோ ஐயா! எதுக்குப் பிறகு?" பிரவீணா அவனுடைய முதுகில் மாறி மாறி அறைந்தாள். முரளிதரன் அவனுடைய காரை நோக்கி, அவளிடமே போய்க் கேள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

வீடு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சனமெல்லாம் போய்விட்டிருந்தது. வாசற்படியில் யோன் அங்கிள் மட்டும் கையிலும் காலிலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு இருந்தார். "அவளைத் தனிய விட்டிட்டுப் போகப் பயமாயிருந்தது. அதுதான் இருந்தனான்" என்றார். ஆர் மேல் பயம் என்று சொல்லவில்லை. எறிக் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் எழும்பி நொண்டிக்கொண்டு போய்விட்டார்.

மெலனி ஹோலில் அதே கதிரையில் இருந்தாள். தரையில் கஞ்சி காய்ந்து கிடந்தது. இந்த முறை அவள் எதையும் கூட்டி அள்ளவில்லை. மேல்கையில் ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்து முழங்கைவரை இறங்கியிருந்தது. மருந்து தின்ற உடம்பு, தொட்டாலே கன்றும். எறிக் அதைப் பார்த்தான். பார்க்காமலிருக்க முடியவில்லை.

"முரளி அண்ணை உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நாளைக்குப் போய் அவற்ற காலில விழுங்கோ. அங்கிளின்ர காலிலயும்."

"விழுறன். மெலனி, எதுக்குப் பிறகு?"

அவள் உடனே சொன்னாள். நெடுநாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை வெளியே துப்புவதுபோலச் சொன்னாள். "மருந்தை நிப்பாட்டிப்போட்டினம். இனிக் குடுத்துப் பிரயோசனம் இல்லையாம். போன மாதம் சொன்னவை. மழைக்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"போன மாதமோ? அப்ப மருந்து ஏத்த எண்டு ஒவ்வொரு செவ்வாயும் எங்க போனனீ?"

"பூங்காவில போய் இருந்தனான். அங்க இருந்து மொட்டைமாடி ஆக்களோட போனில கதைப்பன். அவையளுக்குச் சொன்னன். ஒருத்தரும் ஐயோ எண்டு கத்தேல்ல. ஒருத்தரும் முழங்காலில நிக்கேல்ல. 'சரி, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்க' எண்டு கேட்டினம். பிறகு பகிடி விட்டினம். நான் வீட்ட வந்து நித்திரை கொண்டன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே! நான் உன்ர புருசன்!" அவன் கத்தினான். கத்தியதும் கால் தானாகக் கவிழ்ந்து கிடந்த பானையை உதைத்தது. அது சுவரில் மோதி உருண்டது.

மெலனி எழும்பி வந்தாள். எலும்பும் தோலுமான அந்தக் கையால் அவனுடைய கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். மறுகன்னத்தில் இன்னொன்று. பிறகு நெஞ்சில், தோளில், கிடைத்த இடமெல்லாம் அடித்தாள். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அவள் அடித்தது அதுதான் முதல் தடவை. அவன் நின்று வாங்கினான். மூச்சு முட்டியபோதுதான் அவள் நிறுத்தினாள்.

"செத்துப்போக எனக்குப் பயமில்லை" என்றாள் இரைத்து இரைத்து. "சத்தியமா இல்லை. உங்களுக்குச் சொல்லத்தான் பயம். ஒவ்வொரு செய்திக்கும் ஒண்டை உடைப்பியள். இதுக்கு எதை உடைப்பியள் எண்டு யோசிச்சு யோசிச்சு நான் நித்திரை கொள்ளேல்ல. ஊர்ச்சனம் செத்தவீட்டுக்கு வந்து நிக்கேக்க, முதல் தரமா பயம் விட்டுச் சிரிச்சன். அதையும் பறிச்சுப்போட்டியள்."

அவன் உருண்ட பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தான். அவள் தொடர்ந்தாள்.

"ஹம்சா கெல்லிவில்லுக்கு வரச் சொல்லுறா. அங்க ஒரு அறை இருக்காம். இன்னும் ஒரு சாமான் உடைஞ்சால் நான் போயிடுவன். சாகிறதெண்டால் சிரிக்கிற ஆக்களோட இருந்து சாவன்."

"போகாதை."

"அப்ப இருங்கோ. இருந்து கேளுங்கோ. செபமாலை வேண்டாம், கத்தவும் வேண்டாம். டொக்டர் சொன்னதை முதலில இருந்து சொல்லுறன்."

எறிக் காய்ந்த கஞ்சிக்கு நடுவே தரையில் உட்கார்ந்தான். அவள் கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினாள். நோவு எங்கே தொடங்கும், எப்போது சாப்பாடு இறங்காமல் போகும், எப்போது நினைவு தவறும் என்று வைத்தியர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். இடையில் இரண்டு தரம் அவனுடைய வலது கை தானாக முஷ்டி பிடிக்கப் பார்த்தது. வீங்கிப்போன விரல்கள் மடங்கவில்லை. அவள் அதைக் கண்டாள். கண்டும் நிறுத்தாமல் மிச்சத்தைச் சொன்னாள். அவன் கையை மடியில் விரித்து வைத்தபடி கடைசிவரை கேட்டான்.